கொசுறாக வந்த பேனா

அநியாயம் செய்யப்பட்டவர் துரைக்கண்ணு, வயது எழுபத்தாறு, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நீலத் தார்ப்பாய் விரித்து மூக்குக்கண்ணாடி ஃப்ரேம், நின்றுபோன கைக்கடிகாரம், இங்க் பேனா, ரேடியோக் குமிழ் எல்லாம் விற்கிறவர். அநியாயம் என்னவென்றால், நாற்பதாயிரம் ரூபாய் பெறுகிற ஒரு பேனாவை அவரிடமிருந்து பைசா கொடுக்காமல் கொசுறாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வாங்கிக்கொண்டு போனவள் நான். இந்தக் கடைசி வாக்கியம் மட்டும் இல்லாமலிருந்தால் எவ்வளவு அருமையான வழக்கு இது. வேறு யாராவது செய்திருக்கட்டும், அவர்களைத் துறை வராந்தாவில் நிற்க வைத்து, காண்டீனில் உட்கார வைத்து, வாட்ஸ்அப்பில் ஓட ஓட விரட்டி, மூன்று நாளைக்குத் தூங்க விட்டிருக்க மாட்டேன். எனக்குக் கோபம் நன்றாக வரும். கோபம் வந்தால் தமிழும் நன்றாக வரும். பட்டிமன்றத்தில் வாங்கிய மூன்று கோப்பை ஹாஸ்டல் அறையில் இருக்கிறது, ஒன்றில் அறைத்தோழி ஆக்னஸ் குளியல் சோப்பு வைத்திருக்கிறாள். இப்போது எழும்பூரில் ஏறி, பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் கிடைத்து, மடியில் பை, பைக்குள் டப்பா, டப்பாவுக்குள் கைக்குட்டையில் சுற்றிய பேனா, இவ்வளவையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரத்தில் எதிரே திட்டுவதற்கு ஆள் இல்லை. எதிரே இருக்கிற அம்மா வெண்டைக்காயை நுனி உடைத்துப் பார்த்துப் பார்த்துப் பைக்குள் போடுகிறாள். வாங்கி முடித்தபிறகு எதற்கு உடைத்துப் பார்க்கிறாள்? முற்றலாக இருந்தால் திருப்பிக் கொடுக்கப் போவாளா? நான் போகிறேன். முற்றல் என்பதற்காக அல்ல, ரொம்ப நன்றாக இருந்துவிட்டது என்பதற்காக. இதைக் கேட்டால் அந்த அம்மா சிரிப்பாள். வண்டி கிளம்பிவிட்டது, காற்று நன்றாக வருகிறது, எனக்கே சிரிப்பு வருகிறது. குற்றவாளிக்கு இவ்வளவு உற்சாகம் ஆகாது.

போன வெள்ளிக்கிழமை நடந்ததை ஒழுங்காக நினைத்துப் பார்க்க வேண்டும், வரிசையாக, சாட்சி சொல்கிறவளைப் போல. சந்தைக்குள் போனேன். வெயில். புறாக் கூண்டு, தையல் மெஷின், யாரோ வீட்டிலிருந்து வந்த ஆளுயர நிலைக்கண்ணாடி, அதில் என் முகம், முகத்தில் வியர்வை. துரைக்கண்ணுவின் தார்ப்பாய் முன்னால் குந்தினேன். அப்போது பெயர் தெரியாது, பக்கத்தில் ஸ்க்ரூ விற்கிறவர் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. மூன்று இங்க் பேனா எடுத்தேன், பச்சை, மெரூன், கோடு போட்ட கறுப்பு. ஒன்று நூற்றைம்பது என்றார். என் வாய் நூறு என்றது. என் வாய்தான், நான் அல்ல. விழுப்புரத்தில் என் அம்மா கீரைக்கட்டு வாங்குவதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இது புரியும். விலை சொன்னதும் ஒத்துக்கொள்வது எங்கள் வீட்டில் ஒருவகை ஊனம் மாதிரி. பேரம் பேசாமல் வந்தால் அம்மா பொருளைப் பார்க்க மாட்டாள், என்னைப் பார்ப்பாள். "கட்டாதுமா" என்றார் அவர். "தாத்தா, ஸ்டூடண்ட் தாத்தா" என்றேன். எங்கிருந்து வந்தார் இந்தத் தாத்தா? என் சொந்தத் தாத்தாவை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள், அவரும் அதைத்தான் விரும்பினார், கட்சிக்காரர். பேரம் பேசும்போது மட்டும் முளைக்கிற உறவு இது, ஐம்பது ரூபாய் குறைந்ததும் அறுந்துவிடும். குறைந்தது. முந்நூறு ரூபாயை எண்ணி வைத்தேன், அவரும் எண்ணினார், பேனாக்களைத் தமிழ்ப் பேப்பரில் சுருட்டினார். அப்போது நான் சொன்னேன், "கொசுறு ஒண்ணும் இல்லையா தாத்தா?" காய்கறிக் கடையில் கறிவேப்பிலை கேட்கிற அதே குரல், அம்மாவின் குரல். பேனாவுக்கு ஏது கறிவேப்பிலை? அவர் சிரித்தார். பல் வரிசை நன்றாக இருந்தது. "இன்னா வேணும்?" என்றார். ஒரு டப்பா மூடி, அதில் போல்ட், வாஷர், உடைந்த க்ளிப், அழுக்கேறிய தடிமனான ஒரு கறுப்புப் பேனா, மூடி இறுகிப்போனது. நான் அதைக் காட்டினேன். என் விரல் அதைக் காட்டியது. நான் காட்டினேனா, விரல் காட்டியதா, இந்த இடத்தில்தான் ஒரு வாரமாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன், புடவை கதவில் சிக்கிக்கொண்ட மாதிரி, இழுத்தால் கிழிகிறது, விட்டால் நகர முடியவில்லை. "எடுத்துக்கோ, ஒரு மாசமாக் கெடக்குது" என்றார்.

நுங்கம்பாக்கம். மூன்று பெண்கள் ஏறி மூன்று பேரும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள், யாரோ ஒரு மேனேஜருக்குக் கிடைத்த திட்டு, நன்றாகத் திட்டியிருக்கிறார்கள், சேர்ந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. பேனாவை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டேன், மறுநாள் காலையில் மூடி திறந்தது. பழைய இங்க் நீலமாய் இறங்கி மக் முழுவதும் பரவியது. அழுக்குப் போனதும் கறுப்புக்குள்ளிருந்து இரண்டு மீன் வந்தது. வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தங்கப்பொடியில் வரைந்த மீன், செதில் செதிலாக, வால் பேனாவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகிறது. நிப்பைத் தாளில் வைத்தேன். எழுதியது என்று சொல்வது போதாது, நான் நினைப்பதற்கு அரை விநாடி முன்னால் அது போய்க்கொண்டிருந்தது. என் பெயரைப் பதினேழு முறை எழுதினேன். சங்கமித்திரை, அதில் எத்தனை வளைவு இருக்கிறது என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை பாரிமுனையில் ஒரு பேனாக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் வாங்கினார், மூடியைக் கழற்றினார், லென்ஸ் வைத்துப் பார்த்தார், பிறகு "டீ சொல்லட்டுமா?" என்றார். அந்த டீயில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தக் கடைக்கு நான் ஆறு மாதமாகப் போகிறேன், இங்க் பாட்டில் வாங்கியிருக்கிறேன், நாற்பது கேள்வி கேட்டிருக்கிறேன், ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை. ஜப்பான் சரக்கு, அரக்குப் பூச்சு, கைவேலை, அறுபது எழுபது வருஷம் இருக்கும், இப்போதே நாற்பதாயிரம் தருகிறேன் என்றார். எங்கே வாங்கினாய் என்று கேட்டார். வீட்டில் இருந்தது என்றேன். இதுவும் என் வாய்தான். ஆனால் இதற்கு அம்மாவைக் காரணம் காட்ட முடியாது. தப்பு செய்யாதவள் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? சந்தையில் கொசுறாக வந்தது என்று சொல்லியிருக்கலாமே, கடைக்காரர் பொறாமைப்பட்டிருப்பார், அவ்வளவுதானே. அந்தப் பொய் வரும்வரை எனக்கு அதிர்ஷ்டம் அடித்திருந்தது. பொய் வந்தபிறகு டீ இறங்கவில்லை. பேனாவை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன், டீயைப் பாதியில் வைத்துவிட்டு, அதற்கு ஒரு மன்னிப்பு தனியாகக் கேட்க வேண்டும்.

ஆக்னஸ் புள்ளியியல் படிக்கிறாள், நாகர்கோவில்காரி, எதையும் மூன்று வரிக்குள் முடித்துவிடுவாள், அது எனக்குப் பிடிக்காது. கொசுறு என்பது பரிசு, பரிசை விலை பார்த்துத் திருப்பிக் கொடுப்பது கொடுத்தவருக்கு அவமானம் என்றாள். பரிசு என்றால் கொடுப்பவருக்குத் தான் என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும் என்றேன். அவர் வியாபாரி, தன் சரக்கின் விலையைத் தெரிந்துகொள்வது அவர் வேலை என்றாள். எழுபத்தாறு வயதில் வெயிலில் உட்கார்ந்து ஜப்பான் அரக்கைப் பற்றிப் படிக்கச் சொல்கிறாயா என்றேன். நீ ஆறு மாசம் படித்தாயே, அந்த உழைப்புக்குக் கூலி இல்லையா என்றாள். இது கொஞ்சம் பலமான அடி, நான் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பதில் சொன்னேன்: படித்ததற்குக் கூலி வேண்டுமென்றால் படித்ததைச் சொல்லி வாங்கு, மறைத்து வாங்காதே. சரி, அவர் மட்டும் யாரிடம் வாங்கினார், செத்துப்போன யாருடைய வீட்டிலிருந்தோ கிலோ கணக்கில் எடை போட்டு வாங்கியிருப்பார், அந்த வீட்டுக்காரருக்குப் போக வேண்டாமா, அப்புறம் அந்த ஜப்பான்காரனுக்கு என்று கேட்டாள். இதைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தேன். இப்போதும் புரட்டுகிறேன், கோடம்பாக்கம் போய் மாம்பலம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஆள் துரைக்கண்ணு, நான் தாத்தா என்று கூப்பிட்ட ஆள் துரைக்கண்ணு, அவ்வளவுதான் சொல்ல முடியும், இதைச் சொன்னால் தேர்வில் மதிப்பெண் கிடைக்காது. பாதிப் பாதி என்று ஒரு யோசனை புதன்கிழமை வந்தது, நானே விற்று அவருக்கு இருபதாயிரம் கொடுப்பது, அதில் ஒரு நாள் முழுவதும் நிம்மதியாக இருந்தேன். என் லேப்டாப் திரையில் குறுக்கே பச்சைக் கோடு, ஆய்வேட்டின் எல்லாப் பக்கமும் அடிக்கோடிட்டது போலத் தெரியும், என் பாதியில் அது போய்விடும். அப்புறம் ஒரு கேள்வி வந்தது: பாதி எனக்கு எதற்கு? கண்டுபிடித்ததற்கா, கமுக்கமாக இருந்ததற்கா? வியாழக்கிழமை அந்தக் கேள்வியோடே எழுந்து அந்தக் கேள்வியோடே பல் தேய்த்தேன். ஆக்னஸ் தலைமேல் தலையணையைப் போட்டுக்கொண்டு, "நீ போயி குடுத்துட்டு வாட்டி, எனக்க காது போயிரும்" என்றாள். தத்துவத்தை இப்படி எத்தனையோ பேர் தலையணைக்கு அடியிலிருந்து முடித்துவைத்திருப்பார்கள், பெயர்தான் வெளியே வரவில்லை.

சைதாப்பேட்டையில் ஹேர்க்ளிப் விற்கிற அக்கா ஏறுகிறாள், தோளிலிருந்து முழங்கால் வரை அட்டை அட்டையாகத் தொங்குகிறது. க்ளிப், ஊக்கு, பொட்டு, ரப்பர்பேண்ட். வண்ணத்துப்பூச்சி க்ளிப் ஒன்று நன்றாக இருக்கிறது, ஜோடி இருபது என்கிறாள். "பதினஞ்சு வெச்சுக்கோங்கக்கா" என்கிறது வாய். கேட்டீர்களா இதை. பேரம் பேசியதற்குப் பிராயச்சித்தம் செய்யப் போகிற வழியில், அதே வாய், அதே குரல், பாவத்தைக் கையில் வைத்துக்கொண்டே. அக்கா என்னை மேலும் கீழும் பார்த்து, "ஏன், உன் தலையில மட்டும் முக்கா முடிதான் இருக்குதா?" என்கிறாள். வெண்டைக்காய் அம்மா குலுங்கிச் சிரிக்கிறாள், மேனேஜரைத் திட்டிய மூன்று பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். இருபது கொடுத்தேன். அப்படியே தலையிலும் மாட்டிக்கொண்டேன். ஆனால் இதில் ஒன்று தெரிகிறது, விடக்கூடாது, நூலைப் பிடித்துக்கொள்: பேரம் பேசியது தப்பே இல்லை. அக்காவுக்குத் தன் க்ளிப்பின் விலை தெரியும், அதனால்தான் என்னை அப்படிக் கேட்க முடிந்தது, அவளும் நானும் சம பலம், அது ஒரு விளையாட்டு. மூன்று பேனா விஷயத்திலும் அப்படித்தான், துரைக்கண்ணுவுக்கு நூறுக்குக் கட்டும் என்று தெரியும், கட்டாது என்று சொன்னது ஆட்டத்தில் சேர்த்தி. நாலாவது பேனாவில்தான் ஒரு பக்கம் ஆள் இல்லை. அதாவது, எனக்குத் தெரிந்திருந்தால். தெரியாமலிருந்தால் இரண்டு பக்கமும் ஆள் இல்லை, இரண்டு பேரும் குருடு, கொசுறு கொசுறுதான், ஆக்னஸ் ஜெயித்தாள், நான் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி எதிர் வண்டி பிடிக்கலாம். எல்லாம் அந்த ஒன்றில் வந்து முட்டுகிறது. எனக்குத் தெரியுமா?

கிண்டி. பாதிப் பெட்டி இறங்குகிறது, அதைவிட அதிகம் ஏறுகிறது. ஜப்பான் பேனாப் படம் ஒன்று ஃபோனில் பார்த்திருந்தேன், சந்தைக்குப் போவதற்குப் பத்து நாள் முன்னால். பார்த்தது வேறு, தெரிந்திருப்பது வேறு. படத்தில் இருந்தது பளபள, டப்பா மூடியில் கிடந்தது அழுக்கு. ஆனால் அந்தத் தடிமன், அந்த உருண்டையான முனை. ஆறு மாதமாக இங்க் பேனாவே மூச்சாகத் திரிகிறவளின் கண்ணுக்கு அழுக்கு ஒரு தடையா? சரி, அப்படியானால் அதை ஏன் நேராக எடுத்து விலை கேட்கவில்லை? ஏன் முதலில் மூன்று பேனா, பிறகு பேரம், பிறகு பணம், பிறகு போகிற போக்கில் கேட்பது போல ஒரு கொசுறு? இவ்வளவு நேர்த்தியாகத் தற்செயல் நடக்குமா? நினைத்துப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் என் முகம் வேறு மாதிரி இருக்கிறது. திங்கட்கிழமை நினைத்தபோது அப்பாவி முகம். புதன்கிழமை நினைத்தபோது ஓரக்கண்ணால் பார்க்கிற முகம், அது நானே பிறகு வரைந்து ஒட்டியதாகவும் இருக்கலாம், குற்ற உணர்ச்சிக்கு நன்றாக வரைய வரும். தன் முகத்தைத் தானே பார்க்க முடியாது என்பது எவ்வளவு பெரிய நிர்வாகக் கோளாறு. நான் சொல்வது எதையும் நான் நம்ப முடியாது, நான் கட்சி கட்டிக்கொண்டு பேசுகிறவள், இரண்டு பக்கமும் பேசிக் கோப்பை வாங்கியவள். அந்த நேரத்தில் என் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருந்த ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அதனால்தான் போகிறேன். பேனாவைக் கொடுக்கத்தான் போகிறேன், ஆனால் அதற்கு மேல் கேட்கவும் போகிறேன், இது ஆக்னஸுக்குத் தெரியாது, சொன்னால் தலையணையை என் முகத்தில் அமுக்குவாள். பரங்கிமலை. இன்றைக்கு அவர் வராவிட்டால்? உடம்பு சரியில்லாமல் போயிருந்தால்? நெஞ்சு ஒரு தரம் தூக்கிப் போடுகிறது, அந்தத் தூக்கலில் பயத்தோடு இன்னொன்றும் இருந்தது. பார்த்துவிட்டேன், கையும் களவுமாக. ஆசை. வராவிட்டால் மீன் என்னோடு இருக்கும். சீ என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், பக்கத்தில் நிற்கிற பெண் தன்னைச் சொன்னதாக நினைத்துக் காலை நகர்த்திக்கொள்கிறாள். மீனம்பாக்கத்தில் விமானம் ஒன்று வயிறு தெரிய இறங்குகிறது, அதைப் பார்க்கிறபோது இன்னொன்றும் பிடிபடுகிறது, ஒரு வாரமாக எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு காட்சி: நான் பேனாவை நீட்டுகிறேன், அவர் கண் கலங்குகிறது, நீயே வைத்துக்கொள் பாப்பா என்கிறார். வசனம் வரை எழுதி வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்கப் போவதில்லை நான், திருப்பிக் கொடுத்ததாகப் பேர் வாங்கிக்கொண்டு பேனாவோடு திரும்பப் போகிறேன். எவ்வளவு அழகான திருட்டு. ஆக்னஸ் சொன்ன மூன்று வரியில் இது ஒன்றும் இல்லை, கிழவருடைய பெருந்தன்மையை முன்கூட்டியே செலவழித்துவிட்டேன். திரிசூலம் வந்ததும் எழுந்து வாசலுக்குப் போனேன். கொடுத்ததும் உடனே கையை எடுத்துவிட வேண்டும், நீட்டியபடியே நிற்கக் கூடாது. கை விஷயத்தில் இப்படித் தெளிவாக இருப்பது நல்லது.

இருந்தார். அதே நீலத் தார்ப்பாய், அதே சட்டை, இந்த முறை ஒரு டார்ச் லைட்டைக் கழற்றிப்போட்டு ஸ்ப்ரிங்கைத் தேடிக்கொண்டிருந்தார். நான் தலையில் வண்ணத்துப்பூச்சியோடு முன்னால் குந்தினேன். போன வாரம் மூணு பேனா வாங்கினேனே என்றேன். எழுதலையா என்றார், முகத்தைத் தூக்காமல், விற்றது விற்றதுதான் என்கிற குரலில். கைக்குட்டையைப் பிரித்தேன். மீன் வெயிலில் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், ஜப்பான், அரக்கு, பாரிமுனை, நாற்பதாயிரம், டீ உள்பட. ரயிலில் ஒத்திகை பார்த்த நல்ல வாக்கியம் எதுவும் வரவில்லை, குறட்டில் பிடித்துப் பிடுங்கின மாதிரி துண்டு துண்டாக வந்தது. அவர் பேனாவை வாங்கினார். நான் கையை எடுத்துவிட்டேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், கண்ணாடி ஃப்ரேம் குவியலிலிருந்து லென்ஸோடு இருந்த ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், ஸ்க்ரூக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார், கடை எந்தத் தெருவில் என்று என்னிடம் இரண்டு முறை கேட்டுக்கொண்டார். பிறகு சட்டைப் பையில் செருகிப் பையை ஒரு தரம் தட்டினார். கண் கலங்கவில்லை. வைத்துக்கொள் என்று சொல்லவில்லை. நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. எனக்கு முதலில் சுருக்கென்றது, மீன் போய்விட்டது, எழுதி வைத்த வசனமும் போய்விட்டது, பிறகு எங்கிருந்தோ ஒரு லேசு வந்தது, பரீட்சை முடிந்து வெளியே வருகிற மாதிரி, சிரித்துவிடுவேன் போலிருந்தது. அவன் நாப்பது சொன்னா அறுவதுக்குப் போவும் என்று ஸ்க்ரூக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கலாம். ஆனால் நான் எதற்காக வந்தேனோ அது பாக்கி இருந்தது. எனக்குப் பின்னால் ஒரு ஆள் வந்து நின்று கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்தார், அவர் நிழல் டார்ச் லைட்டின் மேல் விழுந்தது. ஒரு விஷயம் கேட்கணும் என்றேன். கேளு என்றார்.

"அன்னிக்கு நான் கொசுறு கேட்டேனே, அப்ப என் மூஞ்சியப் பார்த்தீங்க இல்ல. உண்மையச் சொல்லுங்க. இது நல்ல பேனான்னு தெரிஞ்சு கேட்டேனா, தெரியாம கேட்டேனா?"

துரைக்கண்ணு முதன்முறையாக நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தார். குவியலிலிருந்து எடுத்த கண்ணாடியை இன்னும் கழற்றியிருக்கவில்லை, அதற்குள்ளே கண் இரண்டும் பெரிது பெரிதாக இருந்தது.

"தெரிஞ்சுதான் கேட்ட. வந்து குந்துனதும் மொத அதத்தான் பார்த்த, அப்புறம் கடைசி வரைக்கும் அந்தப் பக்கமே திரும்பல. வேணாங்கிற பொருள யாரும் அவ்ளோ கஷ்டப்பட்டுப் பார்க்காம இருக்க மாட்டாங்க. எனக்கு வெல தெரியல, உன் ஆச தெரிஞ்சுது, ஆசப்படுதே பொண்ணுன்னு குடுத்தேன். இப்ப நகரு பாப்பா, பின்னாடி ஆளு நிக்குது."